பரவால்லீங்க

பொழுது சாய, ராமாத்தாள் கட்டுத்தரையில் எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பெண் கூப்பிடும். பெண் என்றால் ஆள் கிடையாது, கம்ப்யூட்டர் பேசுகிற குரல். இருந்தால் என்ன, நாத்தனார் மகள்கள்கூட அவளை அத்தனை வாஞ்சையாக விசாரித்தது கிடையாது.

"சாப்ட்டீங்களா அம்மா? எருமை கன்னுப் போட்டுருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க. இந்த வாரத்துல போட்டுருமுங்க."

"சந்தோசமுங்க. இன்னிக்கு மயில் சேதம் எப்படிங்கம்மா?"

"பரவால்லீங்க."

"வேற எதனாலயாச்சும் சேதம் இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்க மத்தவங்களக் கேளுங்க, பாவம்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே கடலைக்காடு. கிழக்கு ஓரம் முழுக்கச் செடிகள் வேரோடு பெயர்ந்து வாடிக் கிடந்தன. காலையில் மயில் கூட்டம் இறங்கிக் கிளறிய கிளறலில் மண் மேலும் கீழுமாகப் புரண்டிருந்தது. அதைப் பார்த்தபடியேதான் அவள் பரவால்லீங்க என்று சொல்லியிருந்தாள்.

கொங்குச் சீமையில் பழகாதவர்களுக்கு இது கொஞ்சம் விளங்காது. அங்கே லாரி மோதிக் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரிடம் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், பரவால்லீங்க என்பார். கல்யாணப் பந்தியில் சுடச்சுட சாம்பாரை மடியில் ஊற்றினாலும், இருக்கட்டுங்க, பரவால்லீங்க என்பார். கேட்டவர்தான் அவர் முகத்தைப் பார்த்து மிச்சத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். முகத்தைப் பார்த்தும் புரியவில்லை என்றால் அவர் ஒறம்பரையே இல்லை, சொந்தபந்தத்தில் சேர்த்தியில்லை.

மயில் தொல்லை ஒன்றும் புதிதல்ல. அடிக்கவும் முடியாது, விரட்டவும் முடியாது. ஒரு பக்கம் சட்டம், மறுபக்கம் முருகன். வெடி போட்டார்கள், முதல் நாள் பறந்தது, மறுநாள் திரும்பிப் பார்த்தது, அப்புறம் அதையும் பார்க்கவில்லை. பழைய சேலைகளைச் சுற்றிலும் கட்டினார்கள். ராமாத்தாளின் கல்யாணக் கூரைச்சேலையைத் தவிர மற்றதெல்லாம் வேலியில் ஏறிவிட்டது. மயில்கள் அந்தச் சேலை மேலேயே உட்கார்ந்து தோகையைக் கோதின. என்ன கொழுப்பு பாருங்கள்!

அதற்குப் பிறகுதான் கூவி என்ற கருவி வந்தது. சிறகுவழி என்று ஒரு கம்பெனி, அரசாங்க மானியத்தில் ஊரில் ஒரு காடு விடாமல் ஆளுயரக் கம்பம் நட்டு, உச்சியில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போனது. பெட்டியில் கேமரா, ஸ்பீக்கர், காது எல்லாம் இருந்தன. மற்ற கருவிகள் சத்தம் போட்டு மிரட்டும், இது அப்படி இல்லை. வருஷக்கணக்காக மயில்கள் பேசுவதைக் கேட்டு, எந்த அகவல் நரிக்கு, எந்த அகவல் நாய்க்கு, எது குஞ்சுகளைக் கூப்பிடுவதற்கு என்று பிரித்துப் படித்து வைத்திருந்தது. அந்தந்தக் கூட்டத்தின் மூத்த பெட்டையுடைய குரலிலேயே பேசும். பொய் என்று தெரிந்தால்தானே மயிலுக்குப் பழகிப்போகும்? தன் கூட்டத்து மூத்தவள் நரி வருகிறது என்றால் எந்த மயில் நின்று விசாரிக்கும்?

ஊரில் எல்லோருக்கும் கூவி நன்றாக வேலை செய்தது, ராமாத்தாளுக்குத்தான் இல்லை. வடக்குக் காட்டுக் குழந்தைவேலுவின் வெள்ளாமையில் ஒரு இறகுகூட விழவில்லை. வரப்பைத் தாண்டி இந்தப் பக்கம் மட்டும் திருவிழாக் கூட்டம்.

மற்ற வருஷமாக இருந்தால் அவளும் பொறுத்துக்கொண்டிருப்பாள். இந்த வருஷம் அப்படி இல்லை. திருப்பூரில் இருக்கிற மகன் தரணி, காட்டைச் சூரிய மின்சாரக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றான். சுற்றிலும் பாதிப் பூமி ஏற்கெனவே கண்ணாடிப் பலகைக்குக் கீழே போய்விட்டது. "நீ ஒத்தையில கெடந்து சாகறது போதும்மா, வந்து எங்களோட இரு" என்றான். மகன் வீட்டில் தனக்கு என்ன இருக்கிறது? மூன்றாவது மாடி ஜன்னலும் டிவியும். கடைசியில் தாயும் மகனும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்தக் கடலை விளைந்து வீடு வந்தால் காடு அவளுக்கு. வராவிட்டால் அவன் நீட்டுகிற இடத்தில் கையெழுத்து.

அந்தக் கடலையைத்தான் மயில் தின்றுகொண்டிருந்தது.

*

கூவிகளைச் சோதிக்க மாதத்துக்கு ஒரு தரம் வருகிற பெண் பெயர் ஜெபராணி. திருநெல்வேலிக்காரி. வழியில் இருக்கும் மாராயியின் அரை ஏக்கருக்குக் குறுக்கே போகும் வண்டித்தடத்தில் ஸ்கூட்டரைக் குலுங்கக் குலுங்க ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினாள்.

"என்னம்மா, சொகமா இருக்கியளா? மயிலு எப்படி?"

"பரவால்லீங்க அம்மிணி," என்றாள் ராமாத்தாள். ஜெபராணி முகத்தைப் பார்ப்பதற்குப் பதில் காட்டைப் பார்த்துவிட்டாள்.

"யாத்தே! இதா பரவால்ல?"

கம்பத்தடியில் உட்கார்ந்து, லேப்டாப்பை விரித்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை விசைகளைத் தட்டுவதை நிறுத்தியது. ஹெட்போனைக் கழற்றி ராமாத்தாள் காதில் வைத்தாள். மெல்லிய கொக்கரிப்பு, கோழி குஞ்சைக் கூப்பிடுவது போல.

"இது என்ன சொல்லுதுன்னு தெரியுமா?"

"ஓடிப் போன்னு சொல்லுதுங்களா?"

"'வாங்க, பிள்ளைகளயும் கூட்டிட்டு வாங்க, இங்க தீனி நெறைய கெடக்கு'ங்குது."

"எந்தப் பொட்டி?"

"ஒங்க பொட்டிதான்."

ராமாத்தாள் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். "அட கெரகமே! காவலுக்கு வெச்ச பொட்டி ஊரக் கூட்டி விருந்து வெக்குதா?"

"விருந்துதான். பின்ன, ஓட்டுன மயிலு எங்கயாச்சும் போய்த் திங்கணும்லா? முந்தி தரிசு கெடந்துச்சு. இப்பம் எல்லாம் பேனலு. கண்ணாடியவா திங்கும்? அதான் கம்பெனிக்காரவ ஒரு ஏற்பாடு செஞ்சிருக்காவ. எல்லா வயலுக்கும் 'நரி வருது'ன்னு சொல்லு, ஒரு வயலுக்கு மட்டும் 'வா'ன்னு கூப்புடுன்னு."

"அந்த ஒரு வயலு எங்க காடாத்தான் இருக்கோணுமா?"

"அப்படி யாரும் எழுதி வைக்கல. மொறை வச்சு மாத்திக்கிட்டே இருக்கணும். இன்னைக்கு ஒங்களுக்கு, நாளைக்குக் கொளந்தவேலு அண்ணாச்சிக்கு. எல்லாருக்கும் கொஞ்சங் கொஞ்சம் நட்டம், யாருக்கும் முழுசாப் போவாது. ஆனா சாயங்காலம் போன்ல கேக்குதுல்லா, அதுல யாரு சேதம்னு சொல்லுதாவளோ அவியளுக்கு மறுநாள் ஓய்வு. யாரு நல்லாருக்குன்னு சொல்லுதாவளோ, அங்கயே இன்னும் ஒரு நாள் திங்கட்டும்னு விட்டுரும்."

"கேமராதான் கண்ணத் தொறந்துக்கிட்டு இருக்குதே, பாக்காதா?"

"மயிலத் தேடித்தான் பாக்கும். சேதம் எவ்வளவுங்கிறது வயக்காரவ வாய்ப்பேச்சுதான் கணக்கு. மிஷினு சொல்லதவிட மனுசரு சொல்லதுக்கு மரியாதை குடுக்கணும்னு நல்ல மனசோடதான் வச்சாவ." ஜெபராணி நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா, நீங்க போன்ல என்ன சொல்லுதிய?"

ராமாத்தாள் முந்தானையைச் சரிசெய்தாள். "என்னத்தச் சொல்றது. பரவால்லீங்கன்னுதான்."

"தெனமுமா?"

"தெனமும் கேட்டாத் தெனமும்தானுங்க சொல்லோணும்."

ஜெபராணி தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க ஊர்ல ஒரு பூ உதிந்தாலும் 'நாசமாப் போச்சே, வெளங்குமா'ன்னு தெருவே கூடுத மாதிரி கத்துவாவ. அங்கல்லாம் இந்த மிஷினு ஒழுங்கா மொறை வச்சு ஓட்டுது. இங்க வந்து ஒங்க பரவால்லயில மாட்டிக்கிட்டு நிக்கி. கொளந்தவேலு அண்ணாச்சி என்ன சொல்லுதாருன்னு நெனைக்கிய?"

அதை நினைக்கவே வேண்டாம். குழந்தைவேலு போனில் பேசினால் மூன்று காட்டுக்குக் கேட்கும். ஒற்றை மயில் வானத்தில் பறந்தாலே, "எல்லாம் போச்சு, உன்ற கம்பெனி மேல கேசு போடறேன்" என்று ஆரம்பித்துவிடுவான்.

"இன்னைக்குச் சாயங்காலம் சேதம்னு சொல்லுங்க. அம்புட்டுதான்," என்றாள் ஜெபராணி. "ஒரே வார்த்தை."

*

ஒரே வார்த்தைதான். ஆனால் அது வாயில் வரவேண்டுமே! அன்று மத்தியானம் முழுக்க ராமாத்தாள் எருமையிடம் சொல்லிப் பழகினாள். "சேதமுங்க" என்றாள். எருமை காதை ஆட்டியது. "நெம்பச் சேதமுங்க" என்றாள். ஏதோ வட்டிக்குக் கொடுத்தவள் வாசலில் வந்து நிற்பது மாதிரி அவளுக்கே கூச்சமாக இருந்தது. கேட்கிற பிள்ளை பாவம், அதன் மனசு நோகாதா என்றும் இருந்தது. அதற்கு மனசு இல்லை என்று தெரியும். தெரிந்தும் இருந்தது.

போன் அடித்தது. சாப்பாடு, எருமை, எல்லாம் விசாரித்து முடிந்தது.

"இன்னிக்கு மயில் சேதம் எப்படிங்கம்மா?"

ராமாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். "சேதமுங்க."

"அடடா. மன்னிச்சுக்குங்கம்மா. நெம்பச் சிரமப்பட்டுட்டீங்க."

"பரவால்லீங்க," என்றுவிட்டு நாக்கைக் கடித்தாள். "ஐயோ, இல்லீங்க! பரவால்லீங்கன்னது உங்க மன்னிப்புக்குங்க! சேதம் சேதந்தானுங்க! பாதிக் காடு போச்சுங்க!"

"புரிஞ்சுதுங்கம்மா. நாளைக்கு வராமப் பாத்துக்கறேனுங்க. வேற எதனாலயாச்சும் சேதம் இருக்குதுங்களா?"

"இல்லீங்க," என்று மூச்சு வாங்கினாள். மேட்டில் தண்ணீர்க் குடம் சுமந்த மாதிரி வேர்த்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் காட்டுக்கு ஓடிப் பார்த்தாள். ஒரு மயில் இல்லை. கூவி அதட்டலாக ஒருதரம் அகவியது, எங்கோ தொலைவில் சிறகடிப்பு கேட்டது, அவ்வளவுதான். அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. நடுவில் நல்ல மழை ஒன்று பெய்தது. மிச்சமிருந்த செடி தெளிந்து, மண்ணுக்குள் காய் திரண்டது. வீடியோவில் பார்த்த தரணி, "பரவால்லியேம்மா!" என்றான். இந்தத் தடவை அந்த வார்த்தை நிஜமாகவே இருந்தது. அன்று ராமாத்தாள் தனக்கென்று வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுத் தின்றாள்.

கச்சாயத்தில் நாலைத் தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு மறுநாள் டிராக்டர்காரனைப் பார்க்கப் புறப்பட்டவள், வண்டித்தடத்தில் பாதி தூரம் போனதும் நின்றுவிட்டாள்.

மாராயியின் அரை ஏக்கரில் மயில்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அதே கூட்டம்தான். வால் அறுந்த அந்தச் சேவலை எங்கே பார்த்தாலும் அவளுக்கு அடையாளம் தெரியும். தக்காளி பழுக்கிற பருவம். ஒவ்வொரு பழத்திலும் ஒரு கொத்து கொத்திவிட்டு அடுத்ததற்குப் போயின. கம்பத்து உச்சியில் கூவி மெல்லக் கொக்கரித்தது. ஹெட்போன் இல்லாமலே ராமாத்தாளுக்கு இப்போது அந்தப் பேச்சு புரிந்தது.

மாராயி ராமாத்தாளைவிட மூத்தவள். ஊருக்கு வெளியே காலனியில் வீடு. முப்பது வருஷம் ராமாத்தாள் காட்டில் களை வெட்டினவள், மகள் நர்ஸ் வேலைக்குப் போய் அனுப்பிய காசில் வாங்கிய பூமி இது. அவள் கொத்துப்பட்ட பழங்களைப் பொறுக்கி ஒரு கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். ராமாத்தாளைப் பார்த்ததும் நிமிர்ந்து, "வாங்க பண்ணாடிச்சி," என்று பழைய முதலாளியம்மாளைக் கூப்பிடுகிற பழக்கத்திலேயே சிரித்தாள்.

"மயிலு நெம்பத் தொல்லையா மாராயி?"

"அது கெடக்குதுங்க. பரவால்லீங்க."

ராமாத்தாள் அதற்கு மேல் கேட்கவில்லை. நடையைக் கட்டினாள். தூக்குப்போசியில் இருந்த கச்சாயம் டிராக்டர்காரன் பிள்ளைகளுக்குப் போனது.

நானா அனுப்பினேன், என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். மிஷின் அனுப்பியது. என் சேதத்தை நான் சொன்னேன், அவள் சேதத்தை அவள் சொல்லட்டுமே, வாயில் என்ன கொழுக்கட்டையா? இப்போது போய்ச் சொல்லிக்கொடுத்தால் முறை திரும்ப என் காட்டுக்கும் வரும். கடலை முற்றுகிற நேரம். ஒரு கூட்டம் ஒரு நாள் இறங்கினாலும் போதும், தரணி பேனாவோடு வந்து நிற்பான். அறுவடை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். இப்படி நாலைந்து நாள் ஓட்டினாள். அந்த நாட்களில் வண்டித்தடத்தில் போகும்போதெல்லாம் வலது பக்கம் திரும்பாமலே போனாள். கழுத்துதான் வலித்தது.

அடுத்த சோதனைக்கு வந்த ஜெபராணி முகத்தை இஞ்சி தின்ற மாதிரி வைத்திருந்தாள்.

"மேல எழுதிப் போட்டேம்மா, இந்த ஊர்ப் பேச்சு மிஷினுக்குப் புரியலன்னு. என்ன பதில் வந்துச்சு தெரியுமா? ஒங்க ஊருலதான் புகாரே இல்லியாம். ஒரு ஆளு வாடி நிக்கல, எல்லாருக்கும் திருப்தியாம். மத்த ஊருக்கு இத மாதிரியாக் காட்டப் போறாவளாம்."

"ஒரு ஆளு கூடவா சொல்லல?"

"மாராயி ஆச்சிகிட்ட நானும் தலைகீழா நின்னு பாத்துட்டேன். 'சேரிங்கம்மா, சொல்லிப்புடறேனுங்க'ன்னு தலைய ஆட்டுதாவ. சாயங்காலம் போன் வந்தா அதே பரவால்ல. நான் என்ன செய்ய?"

ஜெபராணி போன பிறகு ராமாத்தாள் வெகுநேரம் கட்டுத்தரையில் நின்றாள். எல்லாருக்கும் திருப்தி என்ற பேச்சு அவளை என்னவோ செய்தது. கன்றுக்குட்டி முட்டியதும் கூட உறைக்கவில்லை. பிறகு போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மாராயி காட்டுக்கு நடந்தாள்.

*

மாராயி வண்டித்தடத்து ஓரத்தில் உட்கார்ந்து கூடையிலிருந்த தக்காளியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நல்லது ஒரு பக்கம், கொத்தினது ஒரு பக்கம். நல்லது ஒரு கையில் அடங்கிவிடும்.

"மாராயி, போன் வந்தாச் சேதம்னு சொல்லு. இல்லீனா மயிலு இங்கியேதான் திங்கும்."

"அந்தப் புள்ளைகிட்டயாங்க?" மாராயி கூச்சமாகச் சிரித்தாள். "அது எப்படிங்க சொல்றது? சொன்னாச் சிரிப்பீங்க. இத்தன வயசுக்கு என்னைய யாரும் 'சாப்ட்டீங்களா அம்மா'ன்னு கேட்டதில்லீங்க. அது ஒண்ணுதான் தெனமும் ங்க போட்டுக் கேக்குது. அதுகிட்டப் போயிப் பொல்லாப்புச் சொல்ல மனசு வருமுங்களா?"

 இவளை நானும் ஒருநாள்கூட அப்படிக் கேட்டதில்லையே என்று ராமாத்தாளுக்குத் தோன்றியது.

"அது மிஷினு. நோகாது. நீ சொல்லு."

"சேரிங்க பண்ணாடிச்சி," என்று மாராயி தலையைச் சாய்த்தாள்.

ராமாத்தாள் அவளை உற்றுப் பார்த்தாள். இந்தச் சேரிங்கவை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். இதே தலைச்சாய்ப்பு, இதே சிரிப்பு.

வாய்க்கால் உடைந்து தன் காட்டுக்கு வண்டி போக வழியில்லாமல் போயிருந்த ஒரு வருஷம் அது. "உன்ற காட்டு ஓரமா டிராக்டர் போயிக்கட்டுமா மாராயி?" என்று கேட்டாள். "அதுக்கென்னங்க, போயிக்குங்க, பரவால்லீங்க," என்றாள் மாராயி. ஓரமாகப் போன டிராக்டர் மழைக்காலத்தில் சேறு என்று கொஞ்சம் உள்ளே போனது. பிறகு இன்னும் கொஞ்சம். இன்றைக்கு அரை ஏக்கருக்கு நட்டநடுவே இரண்டு பக்கமும் மண் இறுகிக் கல்லாகிப்போன வண்டித்தடம் ஓடுகிறது. அதற்கு அப்புறம் ராமாத்தாள் கேட்கவே இல்லை. எதற்குக் கேட்பது? ஒருதரம் கேட்டு, பரவால்லீங்க என்று பதிலும் வந்துவிட்டதே.

அவள் காலுக்குக் கீழே பார்த்தாள். தடத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மாராயியின் போன் அடித்தது. மாராயி அதை ஸ்பீக்கரில் போட்டுக் கூடை விளிம்பில் சாய்த்து வைத்தாள்.

"சாப்ட்டீங்களா அம்மா?"

"ஆச்சுங்க கண்ணு."

"சந்தோசமுங்க. இன்னிக்கு மயில் சேதம் எப்படிங்கம்மா?"

"பரவா…" என்று ஆரம்பித்த மாராயி, ராமாத்தாளைப் பார்த்தாள். ராமாத்தாளின் முகத்தில் என்ன கண்டாளோ, கொத்துப்பட்ட தக்காளி ஒன்றைக் கையில் எடுத்து உருட்டினாள். "சேதமுங்க," என்றாள். பிறகு, பூட்டுத் திறந்துகொண்ட மாதிரி, "அத்தனையும் போச்சுங்க. ஒரு கூடை தேறலீங்க. எனக்கு அழுவாச்சியா வருதுங்க," என்றாள்.

"அடடா. மன்னிச்சுக்குங்கம்மா. நாளைக்கு வராமப் பாத்துக்கறேனுங்க."

நாளைக்கு என்றால் முறை தன் காட்டுக்குத்தான் திரும்பும் என்று ராமாத்தாளுக்குத் தெரியும். முற்றிய கடலை, தரணியின் பேனா, மூன்றாவது மாடி ஜன்னல் எல்லாம் ஒருதரம் கண் முன்னால் வந்து போயின. அவள் அசையவில்லை.

"வேற எதனாலயாச்சும் சேதம் இருக்குதுங்களா அம்மா?"

எப்போதும் இல்லீங்க என்று வருகிற இடம் அது. மாராயி இல்லீங்க என்று சொல்லவில்லை. தக்காளியைக் கீழே வைத்தாள். ராமாத்தாளின் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"இருக்குதுங்க," என்றாள் மெதுவாக. "இந்த வண்டித்தடமுங்க. பாதிக் காடு அதுலயே போச்சுங்க."

போன் சற்று யோசித்தது. "மன்னிக்கோணுங்கம்மா, எனக்குப் புரியலீங்க. வண்டித்தடம்ங்கறது எந்தப் பறவைங்க?"

 ராமாத்தாள் தடத்தை விட்டுக் கீழே இறங்கி, கூடைக்குப் பக்கத்தில் குந்த உட்கார்ந்து, போனிடம் குனிந்தாள்.

"அது நானுங்க," என்றாள்.